கும்பகோணம் கல்லூரியின் ஒரு நியமனம்

கும்பகோணம் அரசினர் கல்லூரியின் கதையைச் சொல்கிறவர்கள் வில்லியம் ஆர்ச்சர் போர்ட்டரிடமிருந்துதான் ஆரம்பிப்பார்கள். 1854ல் மாகாணப் பள்ளியாகத் தொடங்கி 1867ல் கல்லூரியாக உயர்ந்த அந்த நிறுவனத்துக்குக் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த அவர் தலைவராக இருந்தார். ஊரின் நகர மண்டபம் இன்றும் அவர் பெயரில்தான் நிற்கிறது. காவிரிப் பாசனத்து மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் இங்கே படித்து உத்தியோகங்களுக்குப் போனதும் உண்மை. ஆனாலும் அந்தக் கல்லூரி நிர்வாகம் செய்த பெரிய காரியம் எதுவென்றால், 1880ல் ஒரு தமிழ்ப் பண்டிதரை நியமித்ததையே சொல்வேன்.

பண்டிதர் வேலை அன்று சம்பளத்திலும் மதிப்பிலும் கீழ்ப்படி. அந்தப் பதவியிலிருந்து ஓய்வுபெறவிருந்த தியாகராச செட்டியார் தமக்குப் பின் உ.வே. சாமிநாதையரே வரவேண்டுமென்று தலைவர் கோபாலராவிடம் சிபாரிசு செய்தார். வந்தவரிடம் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. திருவாவடுதுறை மடத்துப் படிப்புதான். அதே ஆண்டு அக்டோபரில், கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், ஐயர் படித்த நூல்கள் எவை என்று கேட்டார். அந்தாதி, கலம்பகம், உலா என்று ஐயர் அடுக்க, அசராமல் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்றார். அந்தக் கேள்விதான் ஐயரைப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிக்கும் பக்கம் திருப்பியது. 1887ல் சிந்தாமணி, 1889ல் பத்துப்பாட்டு, 1892ல் சிலப்பதிகாரம், 1894ல் புறநானூறு, 1898ல் மணிமேகலை: எல்லாம் அவர் கும்பகோணத்தில் வேலை பார்த்தபோது அச்சேறியவை. 1903ல்தான் சென்னைக்கு மாறினார்.

இதெல்லாம் ஐயரின் உழைப்பு, கல்லூரிக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். ஏடு தேடி அலைந்தது அவர்தான். ஆனால் மாதச் சம்பளமும், நீதிமன்றமும் கல்லூரியும் உள்ள ஊரில் வாசமும் இல்லாமல் முதலியாரைச் சந்திக்கும் வாய்ப்பே வந்திருக்காது. இன்னொரு ஆட்சேபம் கனமானது. செட்டியாரும் ஐயரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர்கள். இது ஒரே குருகுலத்தார் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட சலுகைதானே? சலுகை இல்லையென்று சாதிக்க முடியாது. இப்படி வந்த எல்லாரும் ஐயராகிவிடவும் மாட்டார்கள். அதற்காக விதிப்புத்தகத்தை மட்டும் நம்பினாலும் ஆபத்து உண்டு. 1904ல் உதவித்தொகையோடு இதே கல்லூரியில் சேர்ந்த இராமானுஜன், கணக்கிலேயே மூழ்கி ஆங்கிலத்தில் தவறியதால் 1905ல் அந்தத் தொகையை இழந்து படிப்பை விட்டார். விதிப்படி அதில் ஒரு பிழையும் இல்லை.