பத்து வெள்ளியில் ஒரு தோட்டம்

1961-ல் கெடா மாநிலத்துக் கூலிம் மாவட்டத்தில் புக்கிட் சிடிம் என்ற ரப்பர் தோட்டம் கைமாறியது. அந்தக் காலத்தில் தோட்டம் கைமாறுவது பெரிய செய்தி இல்லை. மலாயா சுதந்திரம் பெற்றதை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தன. வாங்கியவர்களோ நிலத்தைத் துண்டு போட்டு மறுபடியும் விற்றார்கள். ஒவ்வொரு துண்டாடலுக்கும் லயம் எனும் வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்கள் வேலையும் வீடும் ஒன்றாக இழந்தன. புக்கிட் சிடிமை வாங்கியவர்கள் வேறு ரகம். அவர்கள் பால்மரம் சீவுகிறவர்கள். மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் வாங்கினார்கள்.

வாங்கியது தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். அதன் முதல் தோட்டம் அது. சங்கத்தை 1960-ல் தொடங்கியவர் மலாயா இந்தியர் காங்கிரஸின் தலைவரும் அமைச்சருமான வீ.தி. சம்பந்தன், துன் பட்டம் பின்னால் வந்தது. ஒரு பங்கு நூறு வெள்ளி. பத்து மாதத் தவணையில் கட்டலாம். பத்து வெள்ளி என்பது அப்போது ஏறக்குறைய மூன்று நாள் உழைப்பு. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். "உங்களிடம் எங்கே பணம் இருக்கிறது" என்று கேட்டவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதுதான். பதில் லயத்து அடுப்படியில் இருந்தது.

அந்த அடுப்படிக்குப் போகுமுன் தோட்டங்கள் வந்த கதை. 1909-ல் பாங்காக் ஒப்பந்தப்படி கெடா சயாமிடமிருந்து பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்குள் வந்தது. அதன் பின் தென் கெடாவின் காடுகள் வேகமாக ரப்பர்த் தோட்டங்களாயின. பீடோங் பக்கம் ஹார்வார்ட், காராங்கானில் டப்ளின், பாடாங் செராயில் விக்டோரியா, ஹென்ரியேட்டா என்று எங்கெங்கோ உள்ள பெயர்கள் வந்து குந்தின. அந்தப் பெயர்களுக்கு அடியில் வேலை செய்தவர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள். 1920-களின் இறுதியில் மலாயாவின் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று சம்பளம் நிர்ணயமாயிற்று. அதுவும் நிலைக்கவில்லை. 1930-ல் ரப்பர் விலை சரிந்ததும் கூலி குறைந்தது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

இந்தச் சம்பளக்காரர்களுக்குச் சிக்கனத்தைப் போதிக்க அரசாங்கமே முன்வந்தது என்பது வேடிக்கை. மலாய் ஐக்கிய மாநிலங்களில் 1922-ல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. முதலில் தபால், தந்தி ஊழியர்களுக்குச் சிக்கனக் கடன் சங்கம் அமைந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளர்களுக்கும் அத்தகைய சங்கங்கள் ஏற்பட்டன. காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் சிக்கன உபதேசம் ஒரு பக்கம். தோட்டத்தின் ஓரத்திலேயே அனுமதி பெற்ற கள்ளுக்கடை இன்னொரு பக்கம். சம்பள நாளன்று எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அதை மாற்றப் பார்த்தவர்கள் தொழிலாளிகளேதான். பெரியார் 1929 டிசம்பரில் பினாங்கில் வந்திறங்கி மலாயா முழுக்கப் பேசிப் போனபின், ஆடம்பரக் கல்யாணத்துக்கும் குடிக்கும் எதிரான பேச்சு தோட்டங்களில் வேர்விட்டது. யுத்தம் முடிந்தபின் 1946-ல் ஹார்வார்ட் தோட்டத்திலிருந்து ஏ.எம். சாமி என்பவர் தொண்டர் படையைத் திரட்டினார். இளைஞர்கள் அணிவகுத்துக் கள்ளுக்கடைகளை மறித்தார்கள். பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத்துத் தோட்டங்களுக்கு அது பரவியது. 1947-ல் போலீஸோடு மோதல், கைது, உயிர்ப்பலி என்று முடிந்தது. வரலாற்றாசிரியர்கள் இதைத் தொழிற்சங்கப் போராட்டமாகவே எழுதுகிறார்கள். சரிதான். ஆனால் வீட்டுப் பெண்களின் கணக்கில் அது முந்தானையில் முடிந்த காசைக் காப்பாற்றிய போராட்டமும்கூட.

அந்தப் பெண்களின் நிர்வாகம் தனிக் கதை. பால் டின்னைக் கழுவி, விளிம்பில் கம்பி வைத்துப் பிடி போட்டால் தேத்தண்ணிக் குவளை. மண்ணெண்ணெய்த் தகரத்தின் வாயை வெட்டிக் குறுக்கே கட்டை அடித்தால் தண்ணீர் வாளி. பிஸ்கட் தகரம் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, அடகுக்கடைச் சீட்டு எல்லாம் இருக்கும் பெட்டகம். மாவுச் சாக்கை வெளுத்துத் தைத்தால் தலையணை உறை, பிள்ளைகளுக்குக் கால்சட்டை. பின்பக்கம் மில்லின் முத்திரை மங்கலாகத் தெரிந்தால் யாரும் கவலைப்படவில்லை. பட்டுப்போன ரப்பர் மரம் விறகு. உறைந்த ரப்பர்ப் பாலான ஒட்டுப்பாலைக் கொஞ்சம் கொளுத்திப் போட்டால் மழைக்கால ஈர விறகும் பற்றிக்கொள்ளும், வீடெல்லாம் நாறினாலும். லயத்துக்குப் பின்னால் முருங்கை, கறிவேப்பிலை, நாலு கோழி. கொஞ்சம் வசதி என்றால் ஒரு பசு. பால் விற்ற காசு மாதச் செலவுக்கு. கன்று விற்ற காசு கல்யாணத்துக்கு. மீதி இருந்தால் சுங்கை பட்டாணி நகைக்கடையில் தோடாக மாறும், பள்ளிக்கூடச் செலவு வந்தால் அதே ஊர் அடகுக்கடைக்குப் போகும்.

காசைக் காசாகவே வைத்தவர்களுக்குக் கிடைத்த பாடம் கசப்பானது. ஜப்பான்காரன் ஆட்சியில் வாழைமரப் படம் போட்ட நோட்டு புழங்கியது. 1943 அக்டோபரில் கெடாவை ஜப்பான் தாய்லாந்திடம் ஒப்படைத்தது. அரிசி கிடைக்கவில்லை, மரவள்ளிக் கிழங்கே சோறு. தோட்டத்து ஆண்கள் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டார்கள், பலர் திரும்பவில்லை. 1945-ல் ஆட்சி மாறியதும் வாழைமர நோட்டுக்குக் காகித மதிப்புக்கூட இல்லை. அதன் பின்னும் தாலிக்கொடியில் குண்டுமணி தங்கம் சேர்த்த கிழவிகளைப் படித்தவர்கள் கேலி செய்தது நியாயமே இல்லை.

இத்தனை கட்டுச்செட்டாக இருந்தவர்கள் வசதிகளை வெறுத்தவர்கள் அல்லர். வசதிக்காகத்தான் சேர்த்தார்கள். முதலில் சைக்கிள். அப்புறம் சிங்கர் தையல் இயந்திரம். மாதத் தவணையில் கிடைத்தது அது. தவணை முடியும்வரை அக்கம்பக்கத்து ரவிக்கைகளைத் தைத்தே பெண்கள் கடனை அடைத்தார்கள். மூன்றாவதாக பேட்டரி ரேடியோ, தமிழ் நிகழ்ச்சி கேட்க. மின்சாரம் தோட்டத்து ஜெனரேட்டரிலிருந்து சாயங்காலம் சில மணி நேரம்தான் வரும். விளக்கணைவதற்குள் பிள்ளைகள் பாடம் படித்து முடிக்க வேண்டும். எரிபொருளைத் தோட்டம் சிக்கனம் பண்ணியது. தொழிலாளி தன் கண்ணைக் கொடுத்தான்.

கடைக்காரரின் கணக்கு நோட்டையும் விட்டுவிட முடியாது. அட்டையில் 555 என்று அச்சிட்ட, சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு நோட்டு. அரிசி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் அதில் ஏறும். சம்பள நாளில் பாதி அடையும். கடனில்லாத குடும்பம் தோட்டத்தில் அரிது. ஆகவே சம்பந்தனின் பத்து வெள்ளி மிச்சப்பட்ட பணம் அன்று. கடைக்குப் போக வேண்டியதிலிருந்தும் பண்டிகைத் துணியிலிருந்தும் பிடுங்கி எடுத்த பணம்.

புக்கிட் சிடிமுக்குப் பின் சங்கம் நாடெங்கும் பல தோட்டங்களை வாங்கியது. சம்பந்தன் 1979-ல் இறந்தார்; கோலாலம்பூரில் சங்கத்தின் தலைமையகம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. விமர்சனமும் உண்டு. துண்டாடலின் வேகத்துக்குச் சங்கத்தின் வேகம் ஈடுகொடுக்க முடியவில்லை, வெளியே நின்ற தொழிலாளிகளுக்கு அது கூரையாகவில்லை. 1962-ல் உங்கு அசீஸ் எழுதிய துண்டாடல் ஆய்வைப் படித்தால் பிரச்சினையின் அளவு புரியும். பத்து வெள்ளிகளால் அதை முழுக்கத் தடுத்திருக்க முடியாது. இருந்தாலும், கூலிக்காரர்கள் சேர்த்த காசு ஒரு தோட்டத்தின் பட்டாவாக மாறியது நடந்தது, அதுவும் கெடாவில் முதலில் நடந்தது.

சட்டம் கட்டாயப்படுத்திய சேமிப்பும் கூடவே வளர்ந்தது. 1951-ல் ஊழியர் சேமநிதி அமைந்தது. சம்பளத்திலிருந்து பிடித்ததை ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்களே ஐம்பத்தைந்து வயதில் அந்தப் பணத்தை எடுத்துப் பாடாங் செராயிலும் சுங்கை பட்டாணியிலும் மலிவு வீட்டுக்கு முன்பணம் கட்டினார்கள். தபால் நிலையச் சேமிப்பு வங்கி 1974-ல் பேங்க் சிம்பானான் நேஷனல் ஆயிற்று. பிள்ளைகளின் பெயரில் கணக்குப் புத்தகம் வைத்திருப்பது தோட்டத்தில் பெருமை.

பெண்கள் மட்டும் வங்கியை முழுதாக நம்பவில்லை. அவர்களுக்குக் கூட்டு இருந்தது. இருபது பேர், ஆளுக்கு ஐம்பது வெள்ளி, மாதம் ஒருவருக்கு ஆயிரம் வெள்ளி. குலுக்கலோ ஏலமோ அவரவர் ஏற்பாடு. வட்டிக்காரனிடம் போகாமல் கூரையைச் சரிசெய்யவும் பூப்புனித நீராட்டு விழா நடத்தவும் இது உதவியது. நடத்துபவர் பணத்தோடு கம்பி நீட்டிய கதைகளும் ஊருக்கு ஊர் உண்டு. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்யக்கூடாது என்று 1971-ல் சட்டமே போட்டார்கள். சட்டத்தால் கூட்டு நின்றுவிடவில்லை.

இன்றைய தென் கெடாவில் ரப்பர் பெரும்பாலும் செம்பனையாகிவிட்டது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. 1996-ல் திறந்த கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவுக்கும் பினாங்கின் தொழிற்சாலைகளுக்கும் விடியுமுன்னே பேருந்து கிளம்புகிறது. பாட்டிமார் பால்வெட்டப் போன அதே நேரம். வீடுகளில் சலவை இயந்திரம், குளிர்பதனப் பெட்டி, கைபேசி எல்லாம் உண்டு. கொல்லையில் விறகடுப்பும் உண்டு, கோழிக்கறிக்கும் பொங்கலுக்கும். மிளகாயும் மல்லியும் வெயிலில் காய்ந்து, டவுன் மாவு மில்லுக்குக் காரில் போகின்றன. பாக்கெட் மசாலா விலையைவிட இது லாபமா என்று கேட்டால், பெட்ரோலைச் சேர்க்காத கணக்கு ஒன்று வரும். அதை யாரும் திருத்துவதில்லை.

555 நோட்டின் இடத்துக்கு "இப்போது வாங்கு, பிறகு கட்டு" என்று கைபேசிச் செயலிகள் வந்திருக்கின்றன. கடைக்காரர் சம்பள நாள் மட்டும் முறைத்தார். செயலி தவணை தவறினால் அபராதம் போடுகிறது. கூட்டும் வாட்ஸ்அப்புக்குக் குடியேறிவிட்டது. மாதத் தொடக்கத்தில் பணத்தை அனுப்பி, அனுப்பியதற்கான ரசீதைப் படமெடுத்துக் குழுவில் போட வேண்டும். தாமதிக்கும் தங்கச்சிக்கு அக்காமார்களின் குரல்பதிவுகள் வரிசையாக வரும்.