எழுபதாயிரம் துளிகளில் மூன்று

ஆயிரக்கணக்கான லாக் வரிகளில் ஒரே ஒரு பிழையைத் தேடி விடியும்வரை உட்கார்ந்திருப்பது என் பிழைப்பு. அதனால்தான் 70,000 என்ற எண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இத்தாலியின் டோலமைட் மலைகளில், கோர்ட்டினா தாம்பெத்ஸோ ஊருக்குப் பக்கத்தில், பதுவா பல்கலைக்கழகத்தின் எவுஜேனியோ ரகாட்ஸியும் குயிதோ ரோகியும் தோண்டியெடுத்த அம்பர் துளிகள் அத்தனை. ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர்தான். 23 கோடி ஆண்டுகளுக்கு முன் ஊசியிலை மரங்கள் வடித்த பிசின் இறுகி அம்பராகியிருக்கிறது. ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்து அலெக்சாண்டர் ஷ்மிட்டின் குழு அவற்றை மைக்ரோஸ்கோப்பில் அலசியது. தேறியவை மூன்று: ஒரு ஈயின் துண்டுகள், இரண்டு சிற்றுண்ணிகள். 2012-ல் அறிவித்தார்கள். அதுவரை அம்பரில் கிடைத்திருந்த பூச்சிகளைவிட இவை சுமார் 10 கோடி ஆண்டுகள் மூத்தவை.

ஓர் உண்ணிக்கு ஊர்ப் பெயரையே வைத்தார்கள்: அம்பெத்ஸோவா. நீளம் ஒரு மில்லிமீட்டரில் கால்வாசிகூட இல்லை. புழு மாதிரி உடம்பு; எட்டுக் கால்களுக்குப் பதில் நான்கே. செடிகளின் சாற்றை உறிஞ்சும் இன்றைய உறவினர்களும் ஏறக்குறைய இப்படியேதான் இருக்கின்றன. இன்று இவற்றில் 97 சதவீதம் பூக்கும் தாவரங்களை நம்பி வாழ்பவை. ஆனால் அம்பெத்ஸோவாவின் காலத்தில் பூக்கள் தலையெடுக்கவே இல்லை. அது அண்டியிருந்த மரக்குடும்பம் பூண்டோடு அழிந்துவிட்டது. உண்ணி வம்சம் சாப்பாட்டை மாற்றிக்கொண்டது. உடம்பைப் பெரிதாக மாற்றவில்லை.

அந்த வம்சத்தில் ஒன்று எங்கள் வீட்டுக்கும் வந்தது. 1990-களின் இறுதியில் கேரளத்தில் தலைகாட்டி, தமிழ்நாட்டுத் தென்னந்தோப்புகளுக்குள் பரவியது. விவசாயிகள் ஈரியோபைட் என்றார்கள். குரும்பையை மூடியிருக்கும் தொப்பிக்கு அடியில் கூட்டமாக ஒளிந்துகொள்ளும். மருந்து அடித்தாலும் அங்கே எளிதில் எட்டாது. காய் பழுப்பேறி, வெடித்து, சூம்பிப்போகும்.

தாத்தா காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணுமே தெரியலையேடா" என்றார். வியாபாரி விலையைக் குறைத்தார். தாத்தா சரியாகத் தண்ணி விடவில்லை, உரம் வைக்கவில்லை என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். பள்ளிக்கூடப் பையனான நானும் நம்பினேன்.

வெறுங்கண்ணுக்குத் தெரியாததை எழுபது வயதுக்காரர் எப்படிப் பார்த்திருக்க முடியும்? மைக்ரோஸ்கோப் வைத்தவர்களுக்கே 70,000 துளி தேவைப்பட்டது.

தாத்தா இப்போது இல்லை. இருந்திருந்தால் அந்த அம்பர் படத்தை லேப்டாப்பில் பெரிதாக்கிக் காட்டியிருப்பேன். "தாத்தா, நம்ம தோப்புல இருந்ததோட பங்காளி இதுதான். தண்ணி காரணமில்ல."