மயாமிக்கு நாலு வருஷம் முன்பே

நாச்சாரத்துக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து தெலுங்கு பேப்பரை எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். அடிக்கடி கண்ணில் படும் வார்த்தை 'கஞ்சாயி'. பிடிபட்ட பையன்கள் அப்புறம் என்ன ஆகிறார்கள்? தேடிப் படித்தேன். (பி.காம்.காரன் சட்டம் பேசுகிறான், வக்கீல்கள் மன்னிக்கவும் :-))

1961 ஐ.நா. ஒப்பந்தத்தில் கஞ்சாவை நிறுத்த 25 வருஷ அவகாசம் இருந்தது. அது முடிவதற்குள், 1985 நவம்பர் 14-ல் நம்ம என்.டி.பி.எஸ். சட்டம் அமலுக்கு வந்தது. கடுமையான சட்டம்தான். ஆனால் அதிலேயே 39-ம் பிரிவு இருக்கிறது: சொந்த உபயோகத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் போதைக்கு அடிமை என்றால், அவர் சம்மதத்தோடு ஜெயிலுக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பலாம். ஒரு வருஷத்துக்குள் கோர்ட்டுக்கு வந்து ரிப்போர்ட் தர வேண்டும்.

அமெரிக்காவின் முதல் போதை நீதிமன்றம் மயாமியில் திறந்தது 1989-ல்! கிராக் கோகெயின் வழக்குகளால் ஜெயில் பிதுங்கி, வேறு வழியில்லாமல் தொடங்கியது. அங்கே நீதிபதி ஸ்டான்லி கோல்ட்ஸ்டைன் சிகிச்சைக்கு அனுப்பியதோடு விடவில்லை. அதே ஆளைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு, சிறுநீர் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நேருக்கு நேர் பேசுவார். ஒழுங்காக முடித்தால் வழக்கு தள்ளுபடி.

அதே 1989-ல் நாமும் சட்டத்தைத் திருத்தினோம். மீண்டும் பிடிபடும் பெரிய கடத்தல்காரருக்கு மரண தண்டனை, விரைவு விசாரணைக்குத் தனி நீதிமன்றங்கள், கூடவே 64ஏ பிரிவு: தானே முன்வந்து சிகிச்சை எடுக்கும் அடிமைக்கு வழக்கிலிருந்தே விலக்கு. பாதியில் விட்டால் விலக்கை ரத்து செய்யலாம்.

தனி நீதிமன்றத்துக்குப் போவது மூன்று வருஷத்துக்கு மேல் தண்டனை உள்ள வழக்குகள் மட்டும். புகைத்த பையன் போவது சாதாரண மாஜிஸ்திரேட்டிடம், நூறு வழக்குக்கு நடுவில். 27-ம் பிரிவில் அபராதம் மட்டுமே கட்டியும் முடித்துக்கொள்ளலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டினால் வீடு, சிகிச்சை என்றால் வருஷக்கணக்கில் அலைச்சல். எதைத் தேர்ந்தெடுப்பான்? எங்கள் பாஷையில் சொன்னால், லோன் சாங்ஷன் ஆகிவிட்டது, ஃபாலோ-அப் பார்க்கத்தான் ஆள் போடவில்லை.

பஞ்சாப் வழக்குகளை ஆராய்ந்து விதி சட்டக் கொள்கை மையம் 2018-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்கள் பார்த்த வழக்குகளில் கோர்ட் வழியாகச் சிகிச்சைக்குப் போனவர் ஒருவர்கூட இல்லை.