நலமும் வலிவும்: சில சொற்கள் வந்த வழி

தாயகம் விட்டு வடபுலம் வந்து குடியேறிய நம் குடும்பங்கள் நாள்தோறும் மூன்று மொழிகளில் நலம் விசாரித்து வருகின்றன. வீட்டிற்குள் "உடம்பு எப்படி இருக்கிறது?" என்கிறோம். படியிறங்கியவுடன் அடுத்த வீட்டார் "தபியத் கைஸீ ஹை?" என்று கேட்கிறார். அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால் 'ஹெல்த்' என்னும் ஆங்கிலச் சொல் தானே வந்து பேனா முனையில் நிற்கிறது. இம்மூன்றனுள் முதலாவது மட்டுமே நம்முடையது என்றும், மற்றவை பிள்ளைகளின் நாவில் ஏறி அதனைத் துரத்திவிடும் என்றும் வருந்தும் பெரியோர் நம்மிடையே பலர். அவ்வருத்தம் பொருளற்றதன்று. ஒரு சொல் போனால் அதனோடு ஒரு நினைப்பும் போய்விடுமே என்ற அச்சமே அதன் அடியில் இருப்பது. ஆயினும், அந்த அயற்சொற்கள் எங்கே பிறந்து எவ்வழியே வந்தன என்று தேடிப் பார்ப்போமாயின், நாம் எண்ணியிருந்ததை விட நெருங்கிய உறவினரை அங்கே சந்திக்கிறோம்.

ஆங்கிலத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 'ஹெல்த்' என்னும் சொல், பழைய ஆங்கிலத்தில் 'முழுமையுடையது, ஊறுபடாதது' என்று பொருள்படும் 'ஹால்' என்ற சொல்லினின்று பிறந்தது. இன்றைய ஆங்கிலத்தில் 'முழுமை' எனப் பொருள்படும் 'ஹோல்' அதன் நேர் வாரிசு. அதன் முன்னே நிற்கும் 'டபிள்யூ' எழுத்து பிற்காலத்தில் எழுதுவோர் கையில் ஒட்டிக்கொண்டதேயன்றி ஒலியில் அதற்கு இடமில்லை. எழுத்துக்கூட்டுப் பரீட்சையில் அதனை விட்டுவிட்டு மதிப்பெண் இழக்கும் நம் குழந்தைகள் உண்மையில் பழைய வழக்கைக் காப்பவர்களே! குணமாக்குதலைக் குறிக்கும் 'ஹீல்', திடகாத்திரனைக் குறிக்கும் 'ஹேல்', புனிதத்தைக் குறிக்கும் 'ஹோலி' ஆகிய யாவும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆங்கிலேயர் குளிர்காலப் பெருவிழாக்களில் கிண்ணம் ஏந்திக் கூறும் 'வாசெயில்' என்ற வாழ்த்து வடகடல் நாட்டார் மொழியினின்று வந்தது. 'நலமாயிரு' என்பதே அதன் பொருள். ஆகவே நோயற்றவன் ஆங்கிலேயனுடைய கண்ணில் சிதையாத முழுமனிதன்.

அம்மொழியில் நலத்திற்கு இன்னொரு சொல்லும் உண்டு. ஓசையைக் குறிக்கும் 'சௌண்ட்' வேறு. நலத்தைக் குறிக்கும் 'சௌண்ட்' வேறு. பின்னது ஜெர்மானியர் இன்றும் நலத்திற்கு வழங்கும் 'கெஸுண்ட்' என்பதன் உடன்பிறப்பு. பழுதற்ற உடலையும் பழுதற்ற வாதத்தையும் ஆங்கிலேயர் இந்த ஒரே சொல்லால் குறிப்பர். இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அரபு மொழியிலும் இதே கருத்து நம்மை எதிர்கொள்ளப் போகிறது.

வலிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுள் பல இலத்தீனிலிருந்து வந்தவை. அவற்றின் உள்ளே ஒரு மரமும் ஒரு விலங்கும் ஒரு தறியும் ஒளிந்துகொண்டிருக்கின்றன. 'ரோபஸ்ட்' என்பது ஓக் மரத்தின் பெயரடியாக வந்தது. நாம் வைரம் பாய்ந்த கட்டை என்று சொல்வதைப் போன்றது. தசையைக் குறிக்கும் 'மஸில்' என்பதற்கு இலத்தீனில் 'சிற்றெலி' என்று பொருள். மடக்கிய கையில் தோலுக்கடியே ஏறியிறங்கும் தசையைப் பார்த்து எவனோ ஒரு ரோமானியன் எலி ஓடக் கண்டிருக்கிறான். எனக்கு மிகவும் பிடித்தது 'ஸ்டாமினா' என்பது. தறியில் நீளவாட்டில் கட்டும் பாவு நூலுக்கு இலத்தீனில் 'ஸ்டாமென்' என்று பெயர். ஸ்டாமினா அதன் பன்மை. விதித் தேவதைகள் ஒவ்வொருவருக்கும் நூற்றுத் தரும் உயிர் நூல் எத்தனை உறுதியோ அத்தனை நாள் அவன் தாங்குவான் என்பது பழைய நம்பிக்கை. பாவு நைந்தால் ஊடை எத்தனை நயமானதாயினும் சேலை நிற்காது என்பதைக் காஞ்சிபுரத்துக்காரர்க்கோ ஆரணிக்காரர்க்கோ எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி அரபுக்கு வருவோம். அம்மொழியில் உடல்நலத்திற்குரிய முதன்மையான சொல் 'ஸிஹ்ஹா'. நாம் வாழும் வட இந்தியாவில் அது 'சேஹத்' என வழங்குகிறது. இதே வேரினின்று பிறந்த 'ஸஹீஹ்' என்பதற்குப் 'பிழையற்றது, சரியானது' என்று பொருள். நபிமொழித் தொகுப்புகளில் நம்பகமானவற்றிற்கு ஸஹீஹ் என்று பெயர் அமைந்தது இதனாற்றான். இந்தியில் நம் பிள்ளைகள் ஓயாமல் சொல்லும் 'சஹீ' அதுவே. பம்பாய் வழியாக இங்கு மாறுதலாகி வந்த அன்பர்கள் இன்னொன்றும் அறிவர்: மராத்தியில் 'சஹீ' என்றால் கையொப்பம். கணக்கு சரி என்று ஒப்புக்கொள்ளும் அடையாளம் அல்லவா? ஆக, மருத்துவர் சொல்லும் சேஹத்தும், ஆசிரியர் விடைத்தாளில் இடும் சஹீயும், மராத்திய எழுத்தர் கேட்கும் சஹீயும் ஒரே குடும்பம்.

பாரசீகரும் இவ்வாறே எண்ணினர். 'தந்துருஸ்தீ' என்ற சொல்லைப் பிரித்தால் 'தன்' என்பது உடம்பு, 'துருஸ்த்' என்பது சரி. சரியான உடம்பு! இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் மருத்துவரிடம் குழந்தையைத் தூக்கிச் சென்று முதலில் சொல்வது என்ன? "உடம்பு சரியில்லை" என்பதே. 'ஆரோக்கியம்' என்ற வடசொல் நோயின்மையைச் சுட்டும். 'நலம்' என்ற தமிழ்ச்சொல் நன்மையைச் சுட்டும். ஆனால் அன்றாடப் பேச்சில் நாம் கூறும் அந்தச் சிறு தொடர், அரபியரும் பாரசீகரும் எண்ணியதையே தன் போக்கில் எண்ணியிருக்கிறது. ஓசை ஒற்றுமையைக் கண்டு 'சரி'யும் 'சஹீ'யும் ஒரே சொல் என்று வாதாடப் புகுதல் வேண்டா. அவற்றிற்குள் உறவு காட்டச் சான்றில்லை. ஒன்றுபட்டது கருத்தே. இதனாலேயே, 'தபியத் டீக் நஹீம்' என்று சொல்லக் கற்ற பிள்ளை 'உடம்பு சரியில்லை' என்பதை மறக்க வேண்டிய கட்டாயம் சிறிதும் இல்லை என்பேன். இரண்டாவதைக் கொண்டே முதலாவதை நன்றாக விளங்கிக்கொள்ள முடியும்.

'தபியத்' என்பதன் கதை பக்தாதில் தொடங்குகிறது. 9ஆம் நூற்றாண்டில் அந்நகரத்தில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்னும் கிறித்தவ மருத்துவர், கிரேக்க மருத்துவ ஆசானாகிய காலேனின் நூல்களைத் தேடித் தேடிச் சிரியாக் மொழியிலும் அரபியிலும் பெயர்த்தார். 873ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவரும் அவர் குழுவினரும் செய்த மொழிபெயர்ப்புகளே அரபு மருத்துவத்திற்குச் சொல்வளம் தந்தன. இயற்கையைக் குறிக்கும் 'பூசிஸ்' என்ற கிரேக்கச் சொல் அரபியில் 'தபீஅத்' ஆயிற்று. ஒவ்வோர் உடலுக்கும் ஓர் இயற்கை உண்டு, அதுவே நோயோடு போராடுகிறது, மருத்துவன் அதற்குத் துணை நிற்பவன் என்பது அக்கால மருத்துவக் கொள்கை. எனவே 'தபியத் எப்படி' என்று கேட்பவர் உண்மையில் 'உம் இயற்கை எப்படி இருக்கிறது' என்றுதான் கேட்கிறார். அதே கிரேக்கச் சொல் இலத்தீன் வழியே மேற்கே சென்று ஆங்கிலத்தில் மருத்துவரைக் குறிக்கும் 'பிஸிஷியன்' என்றும், உடலைச் சார்ந்ததைக் குறிக்கும் 'பிஸிகல்' என்றும் வழங்குகிறது. அடுத்த வீட்டார் கேட்கும் தபியத்தும், பள்ளிக்கூடத்துப் 'பிஸிகல் டிரெய்னிங்' வகுப்பும் ஒரே கருத்தின் இரு கிளைகள் என்று யார் நினைத்திருப்பார்?

கிரேக்கர் உடலில் நான்கு நீர்கள் உண்டென்றும் அவை ஒன்றோடொன்று அளவாய்க் கலந்திருப்பதே நலம் என்றும் கொண்டனர். காற்று முதலாக மூன்றை எண்ணிய நம் வள்ளுவரின் மருந்து அதிகாரத்தோடு இதனை ஒப்பிட்டு மகிழலாம். எண்ணிக்கை வேறு, மிகுதலும் குறைதலும் நோய் என்ற கருத்து ஒன்று. இக்கலவைக்கு அரபியர் 'மிஸாஜ்' என்று பெயரிட்டனர்; கலத்தல் என்பதே அதன் வேர்ப்பொருள். டில்லியிலும் இலட்சுமணபுரியிலும் பழைய மரியாதை தெரிந்த முதியவர்கள் "மிஸாஜ் ஷரீஃப்?" என்று வினவுவர். 'தங்கள் மேலான கலவை எவ்வாறுள்ளது?' என்று தமிழில் பெயர்த்தால் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் ஆங்கிலேயர் 'டெம்பரமெண்ட்' என்பதும் இலத்தீனில் கலவையே. முகநிறத்தைக் குறிக்கும் 'காம்ப்ளெக்ஷன்' என்பதும், அரபு நூல்களை இலத்தீனில் பெயர்த்தோர் மிஸாஜுக்கு ஈடாக எடுத்தாண்ட சொல்லே. உள்ளிருக்கும் கலவையை முகத்தின் நிறம் காட்டும் என்று நம்பியதால் நாளடைவில் சொல் முகத்திலேயே தங்கிவிட்டது.

இவ்வாறு அரபியிலிருந்து இலத்தீனுக்குப் பாலம் கட்டியவர்களுள் இருவரைச் சொல்லலாம். 11ஆம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டு மடமொன்றில் அமர்ந்து மொழிபெயர்த்த ஆப்பிரிக்கக் கான்ஸ்டன்டைன் ஒருவர். ஸ்பெயின் நாட்டுத் தொலேதோ நகரில் உழைத்து 1187இல் மறைந்த கிரெமோனா ஊர் ஜெரார்டு மற்றவர். இப்னு ஸீனா ஏறத்தாழ 1025இல் முடித்த 'கானூன்' என்னும் பெருநூல் ஜெரார்டின் கையால் இலத்தீனாகி, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் 17ஆம் நூற்றாண்டு வரையில் பாடநூலாயிருந்தது. குழந்தையின் நெஞ்சுச் சளிக்கு இங்குள்ளவர்கள் 'பல்கம்' என்பதும், ஆங்கில மருத்துவர் 'பிளெம்' என்பதும் 'பிளெக்மா' என்ற ஒரே கிரேக்கச் சொல்லின் இரு வேடங்கள். அச்சளிக்கு மருந்துக்கடையில் வாங்கும் 'சிரப்', கோடையில் நாம் அருந்தும் 'சர்பத்' ஆகிய இரண்டுமோ அருந்துதலைக் குறிக்கும் அரபு வேரொன்றிலிருந்தே பிறந்தவை. அதே வேரில் பிறந்த 'ஷராப்' வட இந்தியாவில் மதுவாகிவிட்டது. அதனைக் குடும்ப மலரில் விரித்துரைக்க வேண்டா.

வலிவுக்கு அரபியில் 'குவ்வத்'. மருத்துவ நூல்கள் ஈரலைச் சார்ந்தது, இதயத்தைச் சார்ந்தது, மூளையைச் சார்ந்தது என அதனை மூவகைப்படுத்தும்; ஆகவே அது வெறும் புயபலம் அன்று, உறுப்புகளை இயக்கும் ஆற்றல் முழுவதையும் தழுவியது. குதுப் மினாரைக் காணச் செல்லும் நம் குடும்பங்கள் அதனருகே குவ்வத்துல் இஸ்லாம் என்ற பழம் பள்ளிவாசலின் பெயர்ப் பலகையில் இச்சொல்லைப் படித்திருக்கலாம். 'தாகத்' என்பதும் அரபியே. உறுதியைக் குறிக்க இங்கு வழங்கும் 'மஜ்பூத்' அரபியில் 'இறுகப் பிடிக்கப்பட்டது' என்று பொருள்பட்டு, 'துல்லியமானது' என்ற பொருளையும் பெற்றது. மறுபடியும் அதே கதை: சரியாக இருப்பதே உறுதி.

'ஜோர்' என்பது பாரசீகம். வலிமை என்பது அதன் பொருள். அது தமிழுக்கு வந்து தன் தசையை இழந்து அழகைப் பெற்றது: சமையல் ஜோர், கச்சேரி ஜோர்! இங்கு வந்த புதிதில் மருத்துவர் 'கம்ஜோரீ' என்று சொல்லக் கேட்டு, அதில் 'சோர்வு' ஒலிப்பதாக எண்ணிச் சரியாகவே புரிந்துகொண்ட தாய்மாரும் உண்டு. சொல்லோ 'குறைந்த வலிமை' என்பது. வழி தவறினாலும் ஊர் வந்து சேர்ந்தது. 'பயில்வான்' என்பதும் இத்தகையதே. பாரசீக 'பஹ்லவான்' தமிழ் மண்ணில் நுழைந்ததும், நாள்தோறும் பயில்பவன் என்று பொருள் சொல்லத்தக்க உருவத்தைத் தானே எடுத்துக்கொண்டது. தண்டால் எடுக்கும் இளைஞர்க்கு அப்பொருள் பொருந்தாமலும் இல்லை. மராத்தியர் தேகப்பயிற்சிக் கூடத்தைத் 'தாலீம்' என்கின்றனர். அரபியில் அதற்குக் 'கல்வி கற்பித்தல்' என்று பொருள்.

அரபு வழி வந்த இம்மருத்துவத்தை நாம் யூனானி என்கிறோம். யூனான் என்பது கிரேக்க நாட்டின் பெயர். அயோனியர் என்ற அதே மூலப்பெயரே நம் சங்க நூல்களில் 'யவனர்' என்று வருகிறது. டில்லியில் ஹக்கீம் அஜ்மல் கான் ஆயுர்வேதத்தையும் யூனானியையும் ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கக் கண்ட திப்பியா கல்லூரியைக் காந்தியடிகள் 1921இல் திறந்துவைத்தார். நம்மவர் நெடுங்காலமாகக் கூட்டமாய் வாழ்ந்துவரும் கரோல் பாக்கில்தான் அது உள்ளது. அவ்விரு முறைகளும் அங்கே முதன்முறையாகச் சந்தித்தன என்று கருதிவிடலாகாது. 850ஆம் ஆண்டையொட்டி அலீ அத்தபரீ எழுதிய 'பிர்தௌஸுல் ஹிக்மா' என்ற அரபு மருத்துவ நூலின் இறுதிப் பகுதி இந்திய மருத்துவத்தைப் பற்றியதாகும். சரகர், சுசுருதர் பெயர்கள் அங்கே இடம்பெற்றுள்ளன.

நூல்களோடு மருந்துகளும் சென்றன. நம் பாட்டிமார் அறிந்த கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சேர்ந்த திரிபலை அரபு நாடு சென்றது. 'ப' ஒலி அரபியர் நாவில் இல்லாமையால் அது 'இத்ரீஃபல்' ஆகி, தேனோ சர்க்கரையோ கூட்டிய லேகியமாக யூனானி மருத்துவரின் பெட்டியில் ஏறி, மீண்டும் இந்தியாவுக்கே வந்து சேர்ந்தது. இன்றும் பழைய டில்லியின் மருந்துக்கடைகளில் சளிக்கும் தலைநோவுக்கும் என்று ஒரு லேகியம் விற்கிறார்கள். அதன் பெயர் 'இத்ரீஃபல் உஸ்துகுத்தூஸ்'. பின்பாதி, 'ஸ்டொய்காஸ்' என்ற கிரேக்கப் பூண்டின் பெயர் அரபியில் உருமாறியது. முன்பாதி, நம் வீட்டு அலமாரியில் இருக்கும் திரிபலை.