திருப்பதி–சித்தூர் வட்டாரத்தில் பறவைகளும் மக்களும்

ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி, சித்தூர் மாவட்டங்களிலும், அவற்றைச் சார்ந்த சேஷாசலம் மலைத்தொடர், பழவேற்காட்டு ஏரி ஆகிய பகுதிகளிலும் மனிதர் பறவைகளோடு கொண்டுள்ள உறவு நெடுங்காலத் தொடர்ச்சி உடையது. 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது, அதுவரை நெல்லூரைச் சேர்ந்திருந்த சூலூர்ப்பேட்டைப் பகுதி புதிய திருப்பதி மாவட்டத்துக்கு வந்தது. கருடன் பெயரைத் தாங்கிய மலையும், கூழைக்கடா குஞ்சு பொரிக்கும் ஏரியும், பூநாரை இறங்கும் காயலும் இன்று ஒரே மாவட்டத்துக்குள் இருப்பது இதனால்தான்.

கோயிலும் பறவையும்

பழந்தமிழகத்தின் வடக்கு எல்லையாக இலக்கியம் குறிப்பது வேங்கடம். அரச வாழ்வை வேண்டாமென்று ஒதுக்கிய குலசேகர ஆழ்வார், வேங்கடத்துக் கோனேரியில் வாழும் குருகாகப் பிறக்க வேண்டுமென்று பெருமாள் திருமொழியில் விரும்புகிறார். நீர்க்கரையில் மீனுக்குக் காத்து நிற்கும் சாதாரணப் பறவையை அவர் தேர்ந்தது கவனிக்கத்தக்கது. ஏழுமலைகளுள் ஒன்று கருடாத்ரி. பிரம்மோற்சவத்தின் ஐந்தாம் நாள் இரவு நடக்கும் கருட சேவைக்குத்தான் திருமலையில் கூட்டம் மிகுதி. அதற்காக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிய மாலை வந்து சேர்வது வழக்கம். வானத்தில் வட்டமிடும் செம்பருந்தைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பழக்கம் தமிழருக்கும் தெலுங்கருக்கும் பொது.

பக்தி எப்போதும் பறவைக்கு நன்மையாக முடிந்ததில்லை. விஜயதசமியன்று பாலபிட்டா எனப்படும் பனங்காடையைப் பார்ப்பது நற்சகுனம் என்ற நம்பிக்கை தெலுங்கு நாட்டில் பரவலானது. இதைக் காசாக்க, காட்டில் பிடித்து, சிறகையோ காலையோ கட்டி, கூண்டில் வைத்துக் காட்டுவோர் உண்டு. வயலில் தந்திக் கம்பியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் போதாதா என்பதே பறவை ஆர்வலர்களின் கேள்வி.

ஜெர்டனும் ஐதன்னாவும்

நவீனப் பறவையியல் இப்பகுதிக்கு நெல்லூர் வழியாக வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான தாமஸ் ஜெர்டன் நெல்லூரில் பணியாற்றியபோது, காட்டையும் நீரையும் நன்கறிந்த ஏனாதி மக்களிடம் உயிரினங்களைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கிழக்குத் தொடர்ச்சி மலையின் பாறைச் சரிவுகளில் வாழும் மஞ்சள் தொண்டைச் சின்னானை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் அவரே. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இப்பறவை, பழைய சித்தூர் மாவட்டத்தின் ஹார்ஸ்லி மலையில் இன்றும் தென்படுகிறது.

இன்னொரு பறவை அவர் பெயரையே தாங்கியது; அதன் கதை விசித்திரமானது. கலிவிச் செடிகள் நிறைந்த புதர்க்காட்டில் இரவில் நடமாடும் அதனைத் தெலுங்கில் கலிவி கோடி என்பார்கள். 1848இல் அறிவியல் பெயர் பெற்ற இப்பறவை 1900க்குப் பிறகு எவர் கண்ணிலும் படவில்லை, அற்றுப்போனதாகவே கருதப்பட்டது. 1986 ஜனவரியில், பக்கத்து மாவட்டமான கடப்பாவின் சித்தவட்டம் அருகே பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் பரத் பூஷண் அதனை மீண்டும் கண்டுபிடித்தார். பறவையை உயிரோடு பிடித்துத் தந்தவர் ஐதன்னா என்ற உள்ளூர் வேட்டைக்காரர். படங்களும் பழைய குறிப்புகளும் காட்டாத இடத்தை அவருடைய காட்டறிவு காட்டியது. 1988இல் அப்பகுதி ஸ்ரீலங்கமல்லேசுவரா சரணாலயமானது. பின்னாளில் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவரும் தெலுங்கு கங்கைக் கால்வாயின் பாதையே இப்பறவைக்காக மாற்றி அமைக்கப்பட்டது.

நேலபட்டு

இவ்வட்டாரத்தின் மனித–பறவை உறவை விளங்கிக்கொள்ள மிகச் சிறந்த இடம் தொரவாரிசத்திரம் மண்டலத்திலுள்ள நேலபட்டு. சூலூர்ப்பேட்டைக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலைக்கு அருகில் உள்ளது. பரப்பு சுமார் 459 ஹெக்டேர். ஏரிக்குள் நீர்க்கடம்பு மரங்கள் பாதி உடல் தண்ணீரில் மூழ்கி நிற்கும். கரையை அடுத்துப் பாலை மரங்கள் நிறைந்த உலர் பசுமைக்காடு. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் கூழைக்கடாக்கள் கூடு கட்டத் தொடங்குகின்றன. நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், நீர்க்காகம், இராக்கொக்கு ஆகியவையும் அதே மரங்களில் இடம்பிடிக்கும். சுற்றிலும் நீர் இருப்பதால் பூனையும் நரியும் கூட்டை நெருங்க முடியாது. இரைக்காகப் பெற்றோர் பழவேற்காட்டு ஏரிவரை பறந்து போய்வரும். பாதி செரித்த மீனை அவை வயிற்றில் கொண்டுவந்து கக்க, குஞ்சு தன் தலையையே பெற்றோரின் தொண்டைப் பைக்குள் நுழைத்து உண்ணும்.

அரசு இதனைச் சரணாலயமாக அறிவித்தது 1976இல். அதற்கு முன்பே ஊரார் இப்பறவைகளைத் தொடாமல் காத்துவந்தனர். பறவை வந்தால் மழையும் விளைச்சலும் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை ஒரு காரணம். கண்கூடான காரணம் எச்சம். ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் நீரில் விழுந்து கரைய, தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏறிய அந்த நீர் மதகு வழியே நெல் வயலுக்குப் பாய்கிறது. உரத்துக்குச் செலவு குறைகிறது. செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலிலும் இதே கணக்குதான்: வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798இல் பாதுகாப்பு உரிமை பெற்றார்கள். அனந்தபூர்ப் பக்கத்து வீராபுரத்திலும், கர்நாடகத்தின் கொக்ரேபெல்லூரிலும் வீட்டு மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டுகின்றன. கொக்ரேபெல்லூர் மக்கள் அவற்றைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகள்களாகப் பேசுவார்கள். பாசமும் ஆதாயமும் இங்கே பிரிக்க முடியாமல் பின்னிக் கிடக்கின்றன. அதில் குறை காண ஒன்றுமில்லை. சட்டம் வருவதற்கு முன்பு பறவைகளைக் காப்பாற்றியது அந்தப் பிணைப்புதான்.

அப்படிப்பட்ட இடங்கள் எளிதில் அழியக்கூடியவையும்கூட. ஆந்திரத்தின் கொல்லேறு ஏரிக்கு அருகே 1946இல் பறவையியலாளர் கே. கே. நீலகண்டன் கண்டறிந்து எழுதிய பெரிய கூழைக்கடாக் குடியிருப்பு, சில பத்தாண்டுகளில் இல்லாமல் போயிற்று.

பழவேற்காட்டு ஏரி

இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. அப்பகுதி 1976இல் சரணாலயமானது. சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளத்துக்குச் செல்லும் சாலை ஏரியைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. நீரோட்டத்துக்கு இடையூறான அதே சாலைதான் பூநாரைகளை மிக அருகில் காணும் இடமாகவும் ஆகிவிட்டது. ஜனவரியை ஒட்டி அரசு நடத்தும் பூநாரைத் திருவிழா, சில ஆண்டு இடைவெளிக்குப் பின் 2025இல் மீண்டும் நடந்தது.

ரிஷி வேலி

பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில் பிறந்த சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி அவ்வூர் அருகே நிறுவிய ரிஷி வேலி பள்ளியின் வளாகம், 1991இல் பறவைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. வறண்ட பள்ளத்தாக்கில் மரம் நட்டு, கசிவுநீர்க் குட்டை அமைத்ததும் பறவைகள் பெருகின. எஸ். ரங்கசுவாமியும் எஸ். ஸ்ரீதரும் இந்த மாற்றத்தை 1993இல் நூலாக்கினர். அங்குள்ள பறவையியல் மையம் அஞ்சல்வழிப் பாடம் நடத்தி, நாடெங்கும் பறவை நோக்குவோரை உருவாக்கியது.

இன்றைய நிலை

2018இல் ஆந்திர அரசு பனங்காடையை விட்டுப் பச்சைக்கிளியை மாநிலப் பறவையாக்கியது. கிளிமூக்கு மாம்பழத்துக்குப் பெயர்போன சித்தூரின் தோப்புக்காரர்களோ பட்டாசு வெடித்தும் வலை கட்டியும் அதே கிளியை விரட்ட வேண்டியிருக்கிறது. சேவல் சண்டையை விலங்குவதைத் தடைச் சட்டம் தடுத்தாலும், ஆந்திரத்தில் சங்கராந்தி வந்தால் களம் கூடிவிடுகிறது.

பழவேற்காட்டில் சிக்கல் கடினமானது. ராயதொருவு, கொண்டூர்ப்பாளையம் முகத்துவாரங்களில் மணல் சேர்ந்து அடைபடும்போது கடல்நீர் வரத்து குறைந்து, மீனும் இறாலும் அருகுகின்றன. மீனவர் கேட்பது ஆழமான ஏரி. பூநாரைக்கு வேண்டியது கால் புதையும் ஆழத்துச் சேறு. இரண்டுக்கும் இடம் விட்டு முகத்துவாரத்தைத் தூர்வாருவதே செய்ய வேண்டிய வேலை. ஆண்டுக்கு மூன்று நாள் திருவிழா அதற்கு ஈடாகாது.