காட்டு வழியில் ஒரு கல்தூண்

தில்லி மாநகரின் நடுவே காடு ஒன்று உண்டு என்றால், அந்நகரைப் பாராதவர்கள் வியப்புறுவார்கள். ஆரவல்லி மலைத்தொடர் வடக்கே வந்து ஓயும் இடத்தில், யமுனைக்கு அணித்தாக, தாழ்ந்த கற்பாறைக் குன்று ஒன்று நீண்டு கிடக்கிறது. அதனை ‘ரிட்ஜ்’ என்று தில்லிவாசிகள் வழங்குவர். சீமைக்கருவேல மரங்கள் அடர்ந்து, குரங்குகள் கூட்டங் கூட்டமாய்க் குடியிருக்கும் அக்குன்றின் வடபகுதி, பல்கலைக்கழகத்தின் அருகிலேயே தொடங்கிவிடுகிறது.

வார நாட்களெல்லாம் அலுவலகக் கோப்புகளை ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்குப் பெயர்த்துக் களைத்துப்போகும் நாங்கள் சிலர், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் காலைப்பொழுதில் அவ்வழியே நடந்து சென்றோம். நண்பர் ஒருவரின் மகன், பன்னிரண்டு வயதுச் சிறுவன், எங்களுக்கு முன்னே ஓடிக்கொண்டிருந்தான். காட்டில் காண எதிர்பார்ப்பவை முள்ளும் சருகும் பறவையுமே அல்லவா? ஆனால் அக்காட்டில் எங்களுக்குக் காணக்கிடைத்தவை வேறு. 1828-இல் கட்டப்பெற்ற வட்டக் கோபுரம் ஒன்று முதலில் எதிர்ப்பட்டது. அப்பால், மரங்களிடையே பழங்காலக் கட்டடம் ஒன்று மறைந்து நின்றது. இறுதியாகக் குன்றின் மேலே செல்லும் சாலையை அடைந்தபோது, வெளிறிய மணற்கல்லால் ஆன உயர்ந்த தூண் ஒன்று தனியே நிற்கக் கண்டோம். உடைந்த துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திய வடுக்கள் அதன் உடலெங்கும் தெரிந்தன.

சிறுவன் அதனை அண்ணாந்து பார்த்துவிட்டு, “மாமா, இதை யார் காட்டில் கொண்டுவந்து வைத்தார்கள்?” என்று கேட்டான். அவன் கேட்டது மிகச் சரியான கேள்வி. அத்தூண் அங்கே பிறந்ததன்று, கொண்டுவரப்பட்டதுதான்.

பீடத்தில் பதித்துள்ள ஆங்கிலக் கல்வெட்டு அதன் வரலாற்றைச் சுருங்கக் கூறுகிறது. கி. மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகச் சக்கரவர்த்தி அத்தூணை மீரட்டில் நிறுவினார். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னர், 1351 முதல் 1388 வரை தில்லியில் ஆட்சி புரிந்த பிரோஸ் ஷா துக்ளக் அதனைக் கண்டு வியந்து, இக்குன்றின் மீதிருந்த தம் வேட்டை மாளிகைக்குக் கொண்டுவந்தார். கல்வெட்டு அதற்கு 1356 என ஆண்டு குறிக்கிறது. பிற்பாடு, 1713-க்கும் 1719-க்கும் இடையே, வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்தபோது தூண் வீழ்ந்து ஐந்து துண்டுகளாயிற்று. அத்துண்டுகள் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு காலம் கேட்பாரற்றுக் கிடந்தன. எழுத்துள்ள பகுதி மட்டும் அறுத்தெடுக்கப்பட்டுக் கல்கத்தாவிலிருந்த ஆசியக் கழகத்துக்குச் சென்று, 1866-இல் திரும்பி வந்தது. அடுத்த ஆண்டில் துண்டுகள் யாவும் இணைக்கப்பெற்றுத் தூண் மீண்டும் நிமிர்ந்தது.

பிரோஸ் ஷா கொணர்ந்த தூண்கள் இரண்டு. மற்றொன்று தோப்ரா என்னும் ஊரிலிருந்து வந்து, அவரது கோட்டையில் இன்றும் நிற்கிறது. அது பெயர்க்கப்பட்ட விதத்தை ஷம்ஸ் சிராஜ் ஆபிப் என்ற சரித்திர ஆசிரியர் விவரித்துள்ளார். தூணைச் சுற்றி இலவம்பஞ்சைக் குவியலாகப் பரப்பினர். அடிமண்ணைத் தோண்டி, தூணை மெல்ல அப்பஞ்சின்மேல் சாய்த்தனர். நாணற்புல்லாலும் பதப்படுத்தாத தோலாலும் அதனைப் பொதிந்தனர். நாற்பத்திரண்டு சக்கரங்கள் கொண்ட வண்டியில் ஏற்றி, ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுத்து, யமுனையில் படகுகளில் மிதக்கவிட்டுத் தில்லி சேர்த்தனர். நம் ஊர்த் தேரோட்டத்தைக் கண்டவர்களுக்கு அக்காட்சி மனக்கண்ணில் எளிதில் தோன்றும்.

இவ்வளவு அரும்பாடுபட்டுக் கொணர்ந்த மன்னருக்கு ஒரே ஒரு குறை இருந்தது. தூணில் எழுதியிருப்பது யாது என்று அவரால் அறிய இயலவில்லை. கற்றறிந்தோரை வரவழைத்துக் கேட்டார்; ஒருவராலும் படிக்க முடியவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்த தாமஸ் கோரியட் என்னும் ஆங்கிலப் பயணி, தில்லித் தூணிலிருந்த எழுத்துகளைக் கிரேக்கம் என்று கருதி, அலெக்சாந்தரின் வெற்றித் தூண் என்று எழுதிவைத்தார். எழுத்து மறந்துபோனால், சொந்த நாட்டு மன்னனின் வாக்கும் அந்நியன் கணக்கில் சேர்ந்துவிடுகிறது! மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எங்களுக்கு இச்செய்தி மற்றெல்லாவற்றினும் மிகுதியாக உறைத்தது.

அம்மௌனம் 1837-இல் கலைந்தது. கல்கத்தா நாணயச்சாலையில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரின்செப், சாஞ்சியிலிருந்து வந்த சிறு சிறு கல்வெட்டுகளின் படிகளைப் பரப்பி நோக்கினார். பலவும் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதைக் கண்டார். கோயிலுக்குப் பொருள் அளித்தவர்கள் தம் பெயரோடு எழுதி முடிக்கும் சொல் ‘தானம்’ என்பதாகவே இருக்கவேண்டும் என்று ஊகித்தார். அச்சொல்லைக் கொண்டே பிராமி எழுத்தின் பூட்டுத் திறந்தது. கிர்நார் முதலிய இடங்களிலுள்ள பாறைச் சாசனங்களில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர், சத்தியபுத்திரர் ஆகியோரின் பெயர்கள் இடம்பெற்றிருப்பதும் இவ்வாறு வெளிப்பட்டதே.

அசோகரின் தூண் சாசனங்களுள் ஐந்தாவதைப் படிப்போர்க்கு மற்றொரு வியப்புக் காத்திருக்கிறது. முடிசூடி இருபத்தாறு ஆண்டுகள் ஆனபின் வெளியிட்ட அந்த ஆணையில், கிளி, மைனா, அன்னம், வௌவால், ஆமை எனப் பல உயிர்களைப் பெயர் சொல்லி, அவற்றைக் கொல்லலாகாது என்று அம்மன்னர் விதிக்கிறார். காரணமின்றியோ, உயிர்களை அழிக்கும் பொருட்டோ காடுகளுக்குத் தீயிடலாகாது என்றும் கட்டளையிடுகிறார். அத்தகைய மன்னரின் தூணைத்தான், படிக்க அறியாமல், வேட்டை மாளிகைக்கு அணிகலனாக நட்டுவைத்தார்கள். இன்று மாளிகையின் பெரும்பகுதி மறைந்துவிட்டது, வேட்டையும் போயிற்று, மரங்களின் அருகே தூண் மட்டும் நிற்கிறது.

திரும்பும் வழியில் சிறுவன் ஒரு பொருளைக் கண்டெடுத்தான். நீல மெருகு ஏறிய ஓட்டுத் துண்டு அது, உள்ளங்கையில் அடங்கக்கூடியது. மண்ணைத் துடைத்துவிட்டுச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டான். “ஓர் ஓடுதானே, வைத்துக்கொள்ளட்டும்” என்றார் எங்களுள் ஒருவர். மற்றவர்க்கு மனம் ஒப்பவில்லை. அங்கேயே சிறு விவாதம் எழுந்தது. மண்ணில் மறைந்துகிடந்து வெளிப்படும் பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்டதாயின் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் கூறுவதை ஒருவர் நினைவூட்டினார். “இந்த ஓட்டுக்குப் பத்துக் காசு பெறுமா?” என்று முன்னவர் நகைத்தார்.

விலை பெறாது என்பது உண்மையே. ஆயினும் அவ்வோடு எக்காலத்தது என்று எங்களுள் எவருக்கும் தெரியாது. தெரியாது என்பதே அதனை எடாமைக்குக் காரணம் என்று தோன்றியது. கிடந்த இடத்தில் கிடந்தால், அறிந்தவர் ஒருவர் நாளை வந்து, அருகிலுள்ள சுவரோடும் மண்ணோடும் சேர்த்து அதனைப் படிக்கக்கூடும். மேசைமேல் வைத்தால் அது வெறும் நீல ஓடு.

தந்தை இதனை விளக்கியதும் சிறுவன் உடனே விட்டான் என்று சொல்வதற்கில்லை. “அந்தத் தூணை மட்டும் ராஜா எடுத்துக்கொண்டு வந்தாரே?” என்று கேட்டான். எங்களிடம் அதற்கு உடனே விடை இல்லை. சற்று நேரம் கழித்து அவன் தந்தை சொன்னார்: “எங்கிருந்து எடுத்தார் என்பதை ஒருவர் எழுதிவைத்தார், அதனால்தான் மீரட்டின் பெயர் இன்றும் அதனோடு நிற்கிறது. இந்த ஓட்டுக்கு யார் எழுதிவைப்பார்கள்?” சிறுவன் சிறிது நின்று யோசித்தான். பிறகு, எடுத்த இடத்தைத் தேடிச் சென்று, துண்டை மண்ணில் வைத்துவிட்டு வந்தான்.

தில்லியிலேயே, தெற்கே பாகாபூரை அடுத்த ஒரு பாறையில் அசோகரின் சாசனம் ஒன்று 1966-இல் கண்டறியப்பட்டது. அதனை எவரும் எங்கிருந்தும் பெயர்த்து வரவில்லை. எழுதிய இடத்திலேயே, இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக, அது காத்திருந்தது. காட்டு வழியிலும் மேட்டு நிலத்திலும் நடப்பவர்கள் அனைவரும் பிரின்செப் ஆகிவிட முடியாது. ஆனால் அடுத்து வரும் பிரின்செப்புக்காக, கண்டதைக் கண்ட இடத்திலேயே விட்டுவைத்து, உரியவர்க்கு அறிவிப்பது நம் எல்லோராலும் இயலும்.