நீலத் துணியும் வேர்க்கடலையும்

போன வாரம் திருமழிசை ஜெகந்நாதப் பெருமாள் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தோம். பேச்சு ஆப்பிரிக்கா பக்கம் போனது. “அவங்க சோம்பேறி சார், அதான் ஏழை” என்றார் நண்பர் ஒருவர். எனக்கு உடனே பதில் வரவில்லை. பழைய ஃபைலைப் பார்க்காமல் நோட் போடக்கூடாது என்பது குமாஸ்தா பழக்கம். பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பூகோளப் பாடத்தில் செனகல் என்றால் தலைநகர் டாக்கர், பயிர் வேர்க்கடலை. அதோடு சரி. அந்த நாட்டுக்கும் எங்கள் ஊருக்கும் இருந்த உறவை வாத்தியார் சொன்னதில்லை.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் புதுச்சேரிப் பக்கம் பருத்தித் துணியை அவுரிச் சாயத்தில் தோய்த்து, கருநீலமாக்கிக் கப்பலேற்றினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதை ‘கினே’ என்றார்கள். செனகல் ஆற்றங்கரையில் அந்தத் துணிதான் பணம். இத்தனை துணிக்கு இத்தனை வேலம்பிசின் என்று கணக்கு. அந்தப் பிசின் ஐரோப்பாவில் துணிக்கு அச்சுப்போட உதவியது. அடிமை வியாபாரத்திலும் இந்தியத் துணி கைமாறியது என்பதை மறைப்பதற்கில்லை.

பிசினுக்குக் கிராக்கி குறைந்ததும் வேர்க்கடலை வந்தது. பிரான்சின் எண்ணெய்க்கும் சோப்புக்கும் அது வேண்டியிருந்தது. சோளமும் கம்பும் விளைந்த நிலத்தில் கடலை ஏறியது. சோற்றுக்கு இந்தோசீனாவிலிருந்து நொய்யரிசி கப்பலில் வந்தது. விற்கிற கடலைக்கும் வாங்குகிற அரிசிக்கும் விலை வைத்தவன் உழுதவன் அல்ல.

1960இல் சுதந்திரம் கிடைத்தது. கடலையை நம்பிய பிழைப்பு மாறவில்லை. எழுபதுகளில் மழை பொய்த்தது. 1994 ஜனவரியில் அவர்களுடைய சி.எஃப்.ஏ. பிராங்கின் மதிப்பைப் பாதியாகக் குறைத்தார்கள். 50 கொடுத்து வாங்கிய ஒரு பிரெஞ்சு பிராங்குக்கு 100 கொடுக்க வேண்டியதாயிற்று. வெளிநாட்டு அரிசியை நம்பிய வீட்டில் உலை எப்படிக் கொதித்திருக்கும்?

எங்கள் ஊரிலும் துணி வேலை கைத்தறியிலிருந்து ஆலைக்குப் போனது. 1936 ஜூலை 30 அன்று, நியாயமான கூலியும் எட்டு மணி நேர வேலையும் கேட்டுப் போராடிய புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்களில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். விடியுமுன் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்பியவர்கள் அவர்கள். அவர்களும் ஏழைகள்தான். சோம்பேறிகள் என்று சொல்ல யாருக்காவது நாக்கு வருமா?

நண்பரே, அடுத்த முறை கோயில் வாசலில் கடலை என் செலவு. கொறித்துக்கொண்டே மிச்சத்தைப் பேசுவோம்.